சதுரக் கம்பங்களும் தோற்றவர் நினைவும்

பிரான்சு நாட்டில், லியோன் நகருக்குத் தென்மேற்கே செயின்ட் எத்தியேன் என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. அந்நகரின் கால்பந்துக் கழகம் 2013ஆம் ஆண்டு டிசம்பரில் தன் மைதான வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. பிரெஞ்சு லீக் பட்டத்தைப் பத்து முறை வென்ற கழகம் அது. ஆகவே பேழைகளில் அடுக்கிவைக்கக் கோப்பைகளுக்குப் பஞ்சமில்லை. எனினும் அங்கே பலராலும் பேசப்பட்ட காட்சிப்பொருள் ஒரு ஜோடிக் கோல்கம்பமும் அதன் குறுக்குக் கம்பமும்தான். அவை அவ்வூர் மைதானத்தில் நின்றவை அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஹாம்ப்டன் பார்க்கில் நின்றவை. அங்கிருந்த கால்பந்து அருங்காட்சியகத்திடம் விலை கொடுத்து வாங்கிக் கொண்டுவரப்பட்டவை. 1976ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் தங்கள் அணியைத் தோற்கடித்தவை என்று அவ்வூர் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கம்பங்கள் அவை.

தன்னை வீழ்த்திய ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளும் மனிதரை நாம் என்னவென்று சொல்வது? பேதைமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். விளையாட்டு ரசனையை இலக்கிய ரசனைக்கு ஒரு படி கீழே வைத்துப் பழகிய நமக்கு அது எளிது. ஆனால் இந்தப் பேதைமைக்குள் தோல்வியை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை பற்றிய ஒரு நல்ல கேள்வி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். கால்பந்தை விரும்பாத வாசகர்களும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செயின்ட் எத்தியேன் நிலக்கரியாலும் இரும்பாலும் ஆயுதத் தொழிலாலும் வளர்ந்த ஊர். துப்பாக்கியும் மிதிவண்டியும் தையல் இயந்திரமும் அச்சிட்ட விலைப்பட்டியல் வழியே நாடெங்கும் விற்ற மானுஃபிரான்ஸ் நிறுவனம் அவ்வூருடையது. காசினோ என்ற மளிகைக் குழுமமும் அவ்வூரில் பிறந்ததுதான். கால்பந்துக் கழகம் அக்குழுமத்தின் ஊழியர் சங்கமாகத் தொடங்கியது. அணியின் பச்சை நிறம் காசினோவிடமிருந்து வந்தது. மைதானத்தின் பெயரான ஜொஃப்ருவா கிஷார், குழுமத்தை நிறுவியவரின் பெயர். சுரங்கத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்த மக்கள் நின்று கூவிய அந்த மைதானத்துக்குக் 'கொப்பரை' என்று பட்டப்பெயர். உள்ளே வரும் எதிரணி வெந்துபோகும் என்பது பொருள்.

எழுபதுகளில் அந்தக் கொப்பரை உண்மையிலேயே கொதித்தது. அக்காலத்து ஐரோப்பியக் கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடி. இறுதியாட்டம் நீங்கலாக ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று சொந்த ஊரில், மற்றொன்று எதிரணியின் ஊரில். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி முடிவு சொல்வார்கள். 1974ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகருக்குப் போன செயின்ட் எத்தியேன், ஹைடுக் அணியிடம் 4-1 என்று தோற்றுத் திரும்பியது. ஊர் திரும்பியபின் நடந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 5-1 என்று வென்று அடுத்த கட்டத்துக்குப் போனது. 1976 மார்ச்சில் சோவியத் ஒன்றியத்தின் டைனமோ கீவ் அணியிடம் சிம்ஃபெரோபோல் நகரில் 2-0 என்று தோற்றது. அந்த அணியில் ஓலெக் புளோகின் ஆடினார்; 1975ஆம் ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். இம்முறையும் கொப்பரை கைவிடவில்லை. கூடுதல் நேரத்தில், தசைப்பிடிப்பால் நடக்கவே திணறிக்கொண்டிருந்த தொமினிக் ரோஷ்தோ என்ற இளைஞர் மூன்றாவது கோலை அடித்தார். 3-0.

இவ்விரண்டு ஆட்டங்களும் அந்த ரசிகர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. வெளியூரில் பட்ட அடிக்கு உள்ளூரில் மருந்து உண்டு என்பது அது. தோற்றுவிட்டோம் என்று சொல்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம் ஊருக்கு வரட்டும் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லப் பழகினார்கள்.

அரையிறுதியில் ஹாலந்தின் பி.எஸ்.வி. அணியை உள்ளூரில் 1-0 என்று வென்று, வெளியூரில் கோலின்றிச் சமன் செய்து, இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரே மேற்கு ஜெர்மனியின் பாயர்ன் ம்யூனிக். 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அக்கோப்பையை வென்ற அணி. ஃபிரான்ஸ் பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மையர், உலி ஹோனஸ், இளம் வயது ரும்மனிகே என்று பெயர்களைச் சொன்னாலே எதிரணி தளரும். முந்தைய ஆண்டு அரையிறுதியில் செயின்ட் எத்தியேனை வெளியேற்றியதும் அவர்கள்தாம். இறுதியாட்டம் கிளாஸ்கோவில். ஆயிரக்கணக்கான பிரெஞ்சு ரசிகர்கள் பச்சைக் கொடிகளோடு கடல் கடந்து போனார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நாட்டுக்கு வெளியே காலெடுத்து வைத்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆட்டத்தின் பதிவு இன்று இணையத்தில் கிடைக்கிறது. நாமும் பார்த்தோம். முதல் பாதியில் செயின்ட் எத்தியேனின் தொமினிக் பாத்தனே தொலைவிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பிய பந்தை எர்வே ரெவெல்லி தலையால் முட்ட, அது மையரின் கைக்குள் போய் விழுகிறது. சில நிமிடங்களுக்குப் பின் ழாக் சான்தினி தலையால் முட்டிய பந்தும் அதே குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டாம் பாதியில், 57ஆம் நிமிடம், பாயர்னுக்கு ஒரு ஃப்ரீ கிக். பெக்கன்பவர் பந்தை மெல்ல நகர்த்திக் கொடுக்க, ஃபிரான்ஸ் ரோத் தரையோடு தரையாக உதைத்துக் கோலாக்குகிறார். அவ்வளவுதான். காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்த ரோஷ்தோவைக் கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் இறக்குகிறார்கள். அவர் ஓடுகிறார், திணறடிக்கிறார். ஆனால் கோல் விழவில்லை. 1-0.

ஹாம்ப்டன் பார்க்கின் கோல்கம்பங்கள் அப்போது சதுர வடிவின. பிரான்சிலும் வேறு பல நாடுகளிலும் உருண்டைக் கம்பங்கள் வந்துவிட்ட காலம். உருண்டைக் கம்பமாக இருந்திருந்தால் பந்து அதன் வளைவில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பிக் கோலுக்குள் போயிருக்கும். சதுரமாக இருந்ததால்தான் தட்டையான முகத்திலும் விளிம்பிலும் பட்டு வெளியே வந்தது. இதுதான் ரசிகர்களின் வாதம். 'சதுரக் கம்பங்கள்' என்ற இரண்டு சொற்கள் பிரெஞ்சு மொழியில் அன்றுமுதல் ஒரு தொடராகவே நிலைத்துவிட்டன. மயிரிழையில் தவறிய எதற்கும் அதைச் சொல்லலாம்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த மனநிலை புதியதன்று. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டை மதிலின் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி அசைவது காற்றால். ஆனால் இளங்கோவடிகள், உள்ளே வராதீர் என்று அவை கை காட்டுவதாகச் சொல்கிறார். இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று ஆண்டுதோறும் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவி தன் குறிப்பை ஏற்றுவது. மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். ஆனால் அந்த அணி ஏன் அங்கே தேவைப்பட்டது என்று கேட்பவர் குறைவு. வரப்போகும் பேரிழப்பை அறிந்த மனம், உலகம் அதைப்பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருப்பதைத் தாங்காது. கொடியாவது எச்சரித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறது. செயின்ட் எத்தியேன் ரசிகரும் கம்பத்தின்மேல் தம் குறிப்பை ஏற்றினார். கம்பம் சும்மா நின்றது. அவர் அதை எதிரணியின் பன்னிரண்டாவது ஆளாக்கினார்.

இது உண்மையா என்று கேட்டால், உண்மையென்று நிறுவ இயலாது என்பதே விடை. பந்து எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பட்டது என்பதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. வேறு சில செய்திகளையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். இதே ஹாம்ப்டன் பார்க்கில் 1960ஆம் ஆண்டு நடந்த இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட் அணி ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டை 7-3 என்று வென்றது. புஷ்காஷ் நான்கும் டி ஸ்டெஃபனோ மூன்றும் அடித்தார்கள். ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல்கள் விழுந்தபோது சதுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கால்பந்து விதிநூல் இன்றும் சதுரக் கம்பத்தை விலக்கவில்லை. சதுரம், செவ்வகம், வட்டம், நீள்வட்டம் எதுவும் ஆகலாம் என்றே சொல்கிறது. இதற்கெல்லாம் மேலாக, பாயர்ன் கோலடிக்க வேண்டியிருந்த கம்பங்களும் சதுரமானவையே.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கெர்ட் முல்லர் பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். ஆஃப்சைட் என்று அது மறுக்கப்பட்டது. பின்னாளில் பதிவைப் பார்த்தவர்கள் பலர், முல்லர் சரியான இடத்தில்தான் இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோல் கணக்கில் சேர்ந்திருந்தால் கம்பங்களின் கதைக்கு இடமே இருந்திருக்காது. கம்பத்தில் பட்ட இரண்டு பந்துகளை நினைவு வைத்திருக்கும் கூட்டம், முல்லரின் ஒரு பந்தை மறந்துவிடுகிறது. ரோத் என்பவர் வழிதவறி வந்து கோலடித்தவரும் அல்லர். 1967இல் வேறொரு ஐரோப்பிய இறுதியாட்டத்திலும், 1975இல் இதே கோப்பையின் இறுதியாட்டத்திலும் கோலடித்தவர். இறுதியாட்டங்களில் அடிக்கத் தெரிந்த மனிதர்.

அப்படியானால் சதுரக் கம்பக் கதை வெறும் சாக்குத்தானா? சாக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தகைய சாக்கு என்பதே இங்கே கேள்வி. இதற்கு விடை காண, வெளிமண்ணில் தோற்ற வேறோர் அணியின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். ஹங்கேரியும் மேற்கு ஜெர்மனியும் மோதின. நான்கு ஆண்டுகளாகத் தோல்வியையே அறியாதிருந்த அணி ஹங்கேரி. முந்தைய ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தை வெம்ப்ளியிலேயே 6-3 என்று வென்றது. அதே உலகக் கோப்பையின் முதற்சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நசுக்கியது. இறுதியாட்டத்திலும் எட்டு நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் அடித்தது. பிறகு மேற்கு ஜெர்மனி மூன்று கோல்கள் அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் புஷ்காஷ் அடித்த கோல் ஆஃப்சைட் என்று மறுக்கப்பட்டது. 3-2.

அன்றிரவு புடாபெஸ்ட் தெருக்களில் மக்கள் திரண்டு கலகம் செய்தார்கள். எதிரணியின்மேல் எழுந்ததைவிடத் தங்கள் அணியின்மேலும், அதன்வழியே தங்களை ஆண்ட அரசின்மேலும்தான் அந்தச் சினம் திரும்பியது. அணி வந்த ரயில் தலைநகருக்கு வராமல் டாட்டா என்ற ஊரிலேயே நிறுத்தப்பட்டது. கோல் காவலர் க்யுலா கிரோஷிச் சில மாதங்களில் உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். குற்றம் நிறுவப்படாமல் விடுவிக்கப்பட்டபின், தலைநகரின் பேரணியிலிருந்து சுரங்க ஊரான தட்டபான்யாவின் அணிக்கு அனுப்பப்பட்டார். 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் நாடு திரும்பவில்லை. புஷ்காஷ் மீண்டும் தாய்மண்ணை மிதிக்க 1981ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கோச்சிஷும் சிபோரும் பார்சலோனாவுக்குப் போனார்கள். 1961ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பெர்ன் நகரின் அதே மைதானத்தில் அவர்கள் நின்றார்கள். எதிரணி போர்ச்சுகலின் பென்ஃபிகா. கோச்சிஷ் ஒரு கோல், சிபோர் ஒரு கோல். பார்சலோனா உதைத்த பந்துகள் மீண்டும் மீண்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பின. முடிவு 3-2, மீண்டும் தோல்வி. ஏழு ஆண்டு இடைவெளியில் அதே ஊர், அதே மைதானம், அதே கணக்கு. அங்கேயும் கம்பங்கள் சதுரமானவை என்று பார்சலோனா ரசிகர்கள் சொன்னார்கள்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. தோற்றவரின் சினம் எங்கேயாவது போய் இறங்கித்தான் ஆகும். புடாபெஸ்டில் அது ஆட்டக்காரர்களின்மேல் இறங்கியது. அச்சமுற்ற ஓர் அரசு, குற்றவாளி ஒருவரைத் தேடிக் கோல் காவலரைப் பிடித்தது. வேறு பல ஊர்களில் அது நடுவரின்மேல் இறங்குகிறது. எதிரணி ரசிகரின் மண்டையில் இறங்குகிறது. எதிர் இனத்தின்மேலும் மதத்தின்மேலும் இறங்குவதையும் நாம் அறிவோம். செயின்ட் எத்தியேன் மக்கள் அதை உயிரற்ற ஒரு கம்பத்தின்மேல் இறக்கினார்கள். கம்பத்துக்கு வலிக்காது. கம்பத்துக்கு வீடு இல்லை, மனைவி மக்கள் இல்லை, தீ வைக்கக் கடை இல்லை. அன்று ஆட்டத்தை நடத்தியவர் கரோய் பலோதாய் என்ற ஹங்கேரிய நடுவர். அவரை யாரும் வில்லனாக்கவில்லை. ரோஷ்தோவை முன்னரே இறக்கியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் ரொபேர் எர்பேனைக் கழுவேற்றவில்லை. தோற்ற மறுநாள், மே 13ஆம் நாள், அணி பாரிஸ் நகரின் ஷான்செலிசே வீதியில் ஊர்வலம் வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் தம் மாளிகையில் வரவேற்பளித்தார். கோப்பை இல்லாத வெற்றி ஊர்வலம் அது. எல்லாப் பழியையும் கிளாஸ்கோவின் கம்பத்திடம் விட்டுவிட்டு வந்தபடியால்தான் தோற்ற பிள்ளைகளை அவர்களால் கட்டித் தழுவ முடிந்தது என்று நாம் கருதுகிறோம்.

வெளியூரில் தோற்ற ரசிகரின் நிலை தனியானது. சொந்த ஊரில் தோற்றால் நடந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியூரில் தோற்றால் தோல்வியைச் சுமந்துகொண்டு நெடும்பயணம் செய்ய வேண்டும். போகும்போது பாடிய அதே ஆட்கள், அதே இருக்கைகள். இப்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பயணத்தில்தான் கதை பிறக்கிறது. ஊர் எல்லையைத் தொடும்போது, காத்திருப்பவர்களிடம் சொல்வதற்கு ஒரு சொல்லாவது கையில் இருக்க வேண்டும். 'சதுரக் கம்பம்' அப்படிப்பட்ட ஒரு சொல். கையில் பரிசில் இல்லாமல் திரும்பியவர்கள் கொண்டுவந்த ஒரே பொருள் அது.

அதற்குள் ஊரே தோற்றுக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. அந்நகரின் கூரியோ சுரங்கம் 1973இலேயே மூடப்பட்டிருந்தது. இப்போது அதுவும் ஓர் அருங்காட்சியகம். அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1983இல் மூடப்பட்டது. அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த மானுஃபிரான்ஸ், எண்பதுகளில் நொடித்து அழிந்தது. கழகத்தின் பத்தாவது லீக் பட்டம் 1981இல் வந்தது. பதினொன்றாவது அதன்பின் வரவில்லை. 2022இலும் 2025இலும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெருங்கோப்பையை 1993இல் மார்செய்யும் 2025இல் பாரிஸ் அணியும் வென்றன. இரண்டுமே பாயர்னின் ஊரான ம்யூனிக் நகரில் கிட்டிய வெற்றிகள் என்பது விதியின் குறும்பு. சுரங்கம் ஏன் மூடியது, ஆலை ஏன் நொடித்தது என்பதற்கெல்லாம் நீண்ட பொருளாதார விளக்கங்கள் உண்டு. அவற்றில் எதையும் கையால் தொட முடியாது. கம்பத்தைத் தொடலாம்.

இங்கேதான் 2013ஆம் ஆண்டின் செயல் நமக்குப் பொருள்படுகிறது. ஸ்ப்ளிட்டிலும் சிம்ஃபெரோபோலிலும் பட்ட தோல்விகளைக் கொப்பரைக்குக் கொண்டுவந்து தீர்த்துக்கொண்ட கூட்டம் அது. இறுதியாட்டம் மட்டும் ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டாவது ஆட்டம் கிடையாது. நம் ஊருக்கு வரட்டும் பார்க்கலாம் என்று சொல்ல வழியில்லாமல் போன தோல்வி ஹாம்ப்டன் தோல்வி. 37 ஆண்டுகள் கழித்து, அந்தக் கம்பங்களையே தங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கிடைக்காத இரண்டாவது ஆட்டத்தை அவர்கள் இப்படி ஆடி முடித்தார்கள் என்று நாம் படிக்கிறோம். அதில் யாரும் தோற்கவில்லை. கிளாஸ்கோக்காரர்களுக்கும் நல்ல விலை கிடைத்தது.

நம் கருத்தைச் சொல்லுமுன் பழைய போர் ஒன்றையும் நினைவுகூர வேண்டும். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். முதுகில் புண்பட்டதற்கு நாணி அச்சேரன் வடக்கிருந்தான். அதைப் பாடியவர்களில் ஒருவர் வெண்ணிக் குயத்தியார். போர் நடந்த ஊர்க்காரர், குயவர் குலப் பெண். அவர் பாட்டு கரிகாலனை முன்னிலைப்படுத்தியே பேசுகிறது. வென்றவன் நீ, ஆனால் நாணி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறது. புறநானூற்றின் 66ஆம் பாட்டு. தோற்றவனை உயர்த்துவதற்காக அவர் வென்றவனைத் தாழ்த்தவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. கரிகாலனின் பெருமையையும் அவன் முன்னோர் பெருமையையும் முறையாகச் சொல்லிவிட்டே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். சூழ்ச்சியால் வென்றாய் என்றோ, காற்று உனக்கு உதவியது என்றோ சொல்லவில்லை. வெற்றி முழுதாகக் கரிகாலனுக்கு. அதற்கப்பால் எஞ்சியிருக்கும் பெருமை சேரனுக்கு.

தோல்வியை நினைவுகூர்வதற்கு இதைவிட நேரிய அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், செயின்ட் எத்தியேன் ரசிகர்கள் பாதி தேறுகிறார்கள். யாரையும் பழிக்காமல் தங்கள் அணியைப் போற்றியதில் அவர்கள் குயத்தியாரின் பக்கம். முல்லரின் மறுக்கப்பட்ட கோலையும் ரோத்தின் திறமையையும் விட்டுவிட்டுக் கதை சொல்வதில் அவர்கள் நம் எல்லாரையும் போன்றவர்கள். கம்பத்தின் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் முல்லரின் கோலையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கதை குன்றிவிடாது. வென்றிருக்கலாம், மோசமாகவும் தோற்றிருக்கலாம், ஆயினும் இப்படி ஆடினோம் என்று சொல்லும் கதை, கம்பத்தால் மட்டுமே தோற்றோம் என்று சொல்லும் கதையைவிடப் பெரியது. பேரப்பிள்ளையிடம் சொல்லத் தகுந்ததும் அதுதான்.

இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். இலக்கியம் படிப்பவர்கள் பெரும்பாலும் தோற்றவர் பக்கம் நிற்பவர்கள். நல்ல எழுத்து தோற்றவர் பக்கமே நிற்கும் என்று மேடைகளிலும் சிறுபத்திரிகைகளிலும் சொல்லிச் சொல்லி அது ஒரு விதியாகவே ஆகிவிட்டது. தோற்றவர் சொல்வதெல்லாம் உண்மை என்று அந்த விதியை நீட்டிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தோல்வி ஒருவருக்குப் பெருமையைத் தரலாம்; தவறாத நினைவைத் தந்துவிடுவதில்லை. சமூகங்களும் மொழிகளும் இயக்கங்களும் தத்தம் தோல்விகளைச் சொல்லும்போது எங்கோ ஒரு சதுரக் கம்பத்தை நட்டு வைத்திருக்கின்றன. அது கம்பமாகவே இருக்கும்வரை தீங்கில்லை. அதற்கு ஒரு முகமும் பெயரும் குலமும் கொடுக்கப்படும் நாளில்தான் அச்சம் கொள்ள வேண்டும். புடாபெஸ்ட் அதைக் கிரோஷிச்சின் முகமாக்கியது.

கம்பத்தை வாங்கிவந்து எல்லாரும் பார்க்கும்படி வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. கதையாகவே உலவிய காலத்தில் அந்தக் கம்பம் எவ்வளவு பெரியதாகவும் வளர்ந்திருக்கும். இப்போது பார்ப்பவருக்குத் தெரியும்: சாதாரணமான, ஒரு கை அகலத்துக்குள் அடங்கும் கம்பம். இதுவா நம்மைத் தோற்கடித்தது என்று ஒரு சிறுவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முனையும் தகப்பன், முழு ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பாத்தனேயின் உதையையும் சான்தினியின் முட்டலையும், முல்லரையும் ரோத்தையும், கடைசியில் இறங்கி ஓடிய ரோஷ்தோவையும்.